நாகலாபுரத்தில் இறங்கும்போது கற்றது

“முட்டிய வெறச்சி வெக்காதீங்க சார், மடக்கி எறங்குங்க” என்றார் அந்த அம்மா. கையில் துரட்டிக்கோல், இழுத்துச் செருகிய முந்தானை. பத்துப் பதினைந்து ஆடுகள் அவருக்கு முன்னால் பாறைக்குப் பாறை தாவிப் போய்க்கொண்டிருந்தன. நாகலாபுரம் மலையில், ஓடையை ஒட்டிய சரிவு அது. என் இரண்டு தொடைகளும் வெடவெடவென்று நடுங்கின. அடுத்த பாறையில் கால் வைக்கவே பயமாக இருந்தது. ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர வேறு சிரமம் இல்லை. இறங்க ஆரம்பித்து அரை மணி நேரத்தில் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

அப்போது எனக்கு வயது 46. அதற்கு மூன்று வாரம் முன்புதான் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், என்னைப் போல வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்றது அது. பயத்தில் செய்த முதல் காரியம், மலையேறும் குழு ஒன்றில் பெயர் கொடுத்தது. பல வருடம் நாற்காலியிலேயே கிடந்த உடம்பை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்துவிடலாம் என்று நம்பினேன்.

சென்னைக்காரர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் நாகலாபுரம்தான். ஊத்துக்கோட்டை தாண்டி, சிவன் பள்ளிகொண்ட சுருட்டப்பள்ளியைத் தாண்டினால் வந்துவிடும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் ஊர். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் பெயரை இதற்கு வைத்தார் என்பார்கள். இங்குள்ள வேதநாராயணர் கோயிலில் பெருமாளுக்கு இடுப்புக்குக் கீழே மீன் உருவம். மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலை வெயில் கருவறைக்குள் நுழைந்து, முதல் நாள் பாதத்தையும் மறுநாள் நாபியையும் மூன்றாம் நாள் நெற்றியையும் தொடும். பெல்ஜியத்திலிருந்து வந்த பீட்டர் வான் கைட் 2008இல் சென்னை ட்ரெக்கிங் கிளப்பைத் தொடங்கிய பிறகு, இந்த மலையின் ஓடைகளும் மடுக்களும் ஐ.டி. இளைஞர்கள் மத்தியில் பெயர் பெற்றன.

அந்தத் தொடை நடுக்கத்தின் காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பழக்கமில்லாத தசையில் அப்போது நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. அதனால்தான் வலி மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சத்துக்குப் போகிறது. திங்கட்கிழமை என்னால் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார முடியவில்லை. ஆனால் தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை பட்டதை மறக்காது. சிறிது சிறிதாகப் பழக்கினால் அடுத்த முறை அவ்வளவு சேதமாகாது.

அதனால் மலையை விட்டுவிட்டு மாடிப்படிக்கு வந்தேன். ஆறு மாதம், தினமும் அலுவலகத்தின் நான்கு மாடிகளையும் ஏறி இறங்கினேன். முட்டியை மடக்கித்தான், மெதுவாகத்தான். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு எனக்குத் தெம்பு தந்தது. மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது என்று அவர் காட்டினார். காலையில் 45 நிமிட நடை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட நடை. வேலை செய்யும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடத்துக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவு. இரவு பதினொன்றுக்குள் தூக்கம். சோற்றின் அளவைப் பாதியாக்கி, காயை இரண்டு பங்காக்கினேன். நாகலாபுரத்தில் ஒரு சின்ன ஓட்டலில் சாப்பிட்ட ராகிச் சங்கடி என்னும் களியும் மல்லாட்டை (வேர்க்கடலை) துவையலும் எங்கள் வீட்டுக்கும் வந்தன. ராகி என்றாலும் அளவோடுதான். அதிலும் மாவுச்சத்து நிறைய உண்டு.

அந்த ஆட்டுக்கார அம்மாவை நான் வெகுநாள் முன்மாதிரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுபது வயதிருக்கும், மலையேறுகிறார், கூழ் குடிக்கிறார் என்று. அது தவறு. அன்று அவர் சொன்ன இன்னொன்றை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. “எனக்கும் முட்டி வலிதான் சார். ராத்திரில தூங்க முடியல. ஆடு இருக்குதே, வராம முடியுமா?” எனக்கு உழைப்பு குறைவு, அவருக்கு ஓய்வு இல்லை. இருவர் காலும் வலித்தது. உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. தேவைப்படும்போது நிறுத்த முடிந்தால்தான் அது பயிற்சி.

இது புரிந்த பிறகு என் வீட்டு அடுக்களையைப் பார்த்தேன். நான் நடக்கப் போகும் 45 நிமிடத்தில் இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் கட்டுவது என் மனைவி. என் ஆரோக்கியத்துக்கு நேரம் கொடுத்தவர் அவர். அவருடைய நடைக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. 2022 நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்கு இந்த நிலை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நின்றபடியே ஒரு நாள் கழிவதால் இதயத்துக்குப் பயிற்சி கிடைத்துவிடாது.

இப்போது வாரத்தில் மூன்று காலை அவர் நடக்கிறார், அடுப்படி என்னுடையது. இருவரும் சேர்ந்து நாகலாபுரம் போனோம். என்னைவிட நன்றாக இறங்கினார். என் சர்க்கரைச் சராசரி 5.8. இன்னும் வாசற்படியில்தான் இருக்கிறேன், பரவாயில்லை.

நீங்களும் போவதாக இருந்தால், வனத்துறை அனுமதியோடு போங்கள். கோடையில் வேண்டாம், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. நீச்சல் தெரியாமல் மடுவில் இறங்காதீர்கள். மலைக்குப் போவதற்கு முன்பு மூன்று மாதம் மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். உங்கள் வீட்டில் நடக்க நேரமில்லாதவர் யார் என்று பார்த்து, நாளைக் காலை அவருடைய வேலையில் முக்கால் மணி நேரத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.