பாட்டியின் இரத்தம் பேரனைக் காட்டுமா?



நம் எல்லோர் பெயருக்கும் முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது. வருகைப் பதிவேட்டிலும் தேர்வுத் தாளிலும் அதைச் சேர்த்துத்தான் எழுதுகிறோம். பெரும்பாலும் அது அப்பா பெயரின் முதல் எழுத்து. சரி, அம்மாவுடைய எழுத்து எங்கே? அம்மாச்சியுடைய எழுத்து எங்கே? அது நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது! பேனா தொடாத எழுத்து அது. அதைப் படிப்பதற்குப் பெயர்தான் டி.என்.ஏ. பரிசோதனை. அதைப் பற்றியும், அதை வைத்துத் தங்கள் பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார்களைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

டி.என்.ஏ. என்றால் என்ன?

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். பெரும்பாலான செல்களுக்கு நடுவில் உட்கரு இருக்கும். உட்கருவுக்குள் 46 குரோமோசோம்கள். அதில் 23 அம்மா கொடுத்தது, 23 அப்பா கொடுத்தது. குரோமோசோமுக்குள் நூல் மாதிரி சுற்றி வைத்திருப்பதுதான் டி.என்.ஏ.

நம் தமிழுக்கு 247 எழுத்து. டி.என்.ஏ.வுக்கு நாலே எழுத்துதான்: ஏ, டி, ஜி, சி. இந்த நாலும் மாறி மாறி வந்து சுமார் 300 கோடி எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. ஆயிரம் எழுத்து எடுத்தால் ஏறக்குறைய 999 எல்லா மனிதர்களுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மீதி ஒன்றில்தான் வித்தியாசம். பரிசோதனையில் அந்த வித்தியாசங்களைத்தான் பார்க்கிறார்கள்.

இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுப்பார்கள். உமிழ்நீரும் போதும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இரத்தத்தில் சிவப்பு அணுக்கள்தான் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு உட்கரு கிடையாது! வெள்ளை அணுக்களிலிருந்துதான் டி.என்.ஏ.வை எடுக்கிறார்கள்.

கலையும் சீட்டு, கலையாத சீட்டு

அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வந்தால், தாத்தா பாட்டி நாலு பேரிடமிருந்தும் ஏறக்குறையக் கால் கால் பங்கு வரும். பூட்டன் பூட்டி எட்டுப் பேர். அவர்களிடமிருந்து வருவது அரைக்கால் பங்கு. இப்படியே பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 பேர் வருகிறார்கள். நம்ப முடியவில்லை என்றால் 2, 4, 8 என்று பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டைக் கலைப்பது போல டி.என்.ஏ. கலைந்து விடுகிறது. அதனால் ரொம்பப் பழைய ஆள் யார் என்று இதை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனால் இரண்டு சீட்டு மட்டும் அநேகமாகக் கலைவதே இல்லை.

ஒன்று, ஒய் குரோமோசோம். இது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது.

இன்னொன்று, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டி.என்.ஏ. செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. அது உட்கருவுக்கு வெளியே இருக்கிறது. அதற்குள்ளேயும் தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் உண்டு. அதில் 16,569 எழுத்துகள்தான். இது அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. அப்பாவுடைய மைட்டோகாண்ட்ரியா பிள்ளைக்குள் தங்குவதில்லை. அம்மா தன் பிள்ளைகள் எல்லாருக்கும் இதைக் கொடுக்கிறாள். ஆனால் மகள் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். அம்மாச்சியிடம் இருந்ததுதான் அம்மாவிடம், அம்மாவிடம் இருந்ததுதான் நம்மிடம். பெயருக்கு முன்னால் எழுதாத அந்த எழுத்து இதுதான்!

இது எத்தனை காலம் மாறாமல் வரும்? இங்கிலாந்தில் மூன்றாம் ரிச்சர்டு என்ற ராஜா 1485-இல் போரில் இறந்தார். 2012-இல் லெஸ்டர் நகரத்தில், வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கீழே ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அது அவருடையதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ராஜாவின் அக்காவுடைய மகள், அவளுடைய மகள் என்று பெண் வழியாகவே தேடிக்கொண்டு வந்து, இன்று உயிரோடு இருக்கும் இரண்டு பேரைக் கண்டுபிடித்தார்கள். ஒருவருடைய மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அப்படியே பொருந்தியது. இன்னொருவருக்கு ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். 500 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த அக்கா வீட்டு முத்திரை அழியவில்லை!

பெற்றோர் இருந்தால் சுலபம்

2004 டிசம்பர் 26 சுனாமியை யாரும் மறக்க முடியாது. இலங்கையில் கல்முனையில் அலை அடித்துப் போன ஒரு கைக்குழந்தை உயிரோடு கிடைத்தது. மருத்துவமனையில் அதற்குப் பெயர் தெரியாததால் 81-ஆம் எண் குழந்தை என்று சொன்னார்கள். எங்கள் பிள்ளை என்று ஒரு தம்பதி கேட்டார்கள். வேறு சிலரும் கேட்டதாகச் செய்தி வந்தது. கடைசியில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனை செய்யச் சொன்னது. 2005 பிப்ரவரியில் முடிவு வந்து, குழந்தை தன் பெற்றோரிடமே போய்ச் சேர்ந்தது.

இங்கே அப்பா அம்மா உயிரோடு இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பெற்றோர் இரண்டு பேருமே இல்லையென்றால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைத்தான் தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினா நாட்டுப் பாட்டிமார்கள் உலகத்தைப் பார்த்துக் கேட்டார்கள்.

பாட்டிமார்கள் கேட்ட கேள்வி

அர்ஜென்டினாவில் 1976-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை அந்த ஆட்சி நடந்தது. தங்களை எதிர்க்கிறார்கள் என்று நினைத்தவர்களை எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் பலர் திரும்பி வரவே இல்லை. அவர்களில் கர்ப்பிணிப் பெண்களும் இருந்தார்கள். பிள்ளை பிறக்கும் வரை அவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். பிறந்ததும் பிள்ளையைப் பிடுங்கி வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு, தாயைக் கொன்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பெயர், வேறு பிறந்த தேதி, பொய்யான பிறப்புச் சான்றிதழ். இப்படி சுமார் 500 குழந்தைகள் இருக்கும் என்று பாட்டிமார்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

மகளையும் இழந்து, பேரப்பிள்ளை எங்கே என்றும் தெரியாத பெண்கள் 1977-இல் ஒன்று சேர்ந்தார்கள். தலைநகர் புவெனஸ் அயர்சில், ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தின் பெயர் பிளாசா டே மாயோ. அதனால் தங்கள் சங்கத்துக்கு ‘பிளாசா டே மாயோ பாட்டிமார்கள்’ என்று பெயர் வைத்தார்கள். அநாதை இல்லங்களில் தேடினார்கள். நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். ராணுவ ஆட்சிக் காலத்திலேயே இதைச் செய்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு தைரியம் வேண்டும்!

பிள்ளையைப் பார்த்துவிட்டால்கூட, "இது என் பேத்தி" என்று எப்படி நிரூபிப்பது? சாயல் இருக்கிறது என்று சொன்னால் நீதிபதி ஏற்றுக்கொள்வாரா? அப்போது செய்தித்தாளில், ஒரு குழந்தைக்கு அப்பா யார் என்று இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடித்த செய்தியைப் பார்த்தார்கள். உடனே ஒரு கேள்வி எழுந்தது. "அப்பா இரத்தம் இல்லாவிட்டால் பாட்டி இரத்தம் போதுமா?"

இந்தக் கேள்வியை நாடு நாடாகக் கொண்டு போனார்கள். 1982-இல் அமெரிக்காவுக்குப் போய் விஞ்ஞானிகளைப் பார்த்தார்கள். மேரி கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானியும் மற்றவர்களும் கணக்குப் போட்டு, "முடியும்" என்று பதில் சொன்னார்கள். முதலில் வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் சில அடையாளங்களை வைத்துப் பார்த்தார்கள். பிள்ளையிடம் இருக்கும் அடையாளங்களில் ஒரு பாதி அம்மா வீட்டுத் தாத்தா பாட்டியிடமும், இன்னொரு பாதி அப்பா வீட்டுத் தாத்தா பாட்டியிடமும் இருக்க வேண்டும் அல்லவா? அதுதான் கணக்கு. 1984-இல் 8 வயதுச் சிறுமி ஒருத்தி இந்த முறையில் தன் சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பினாள்.

பிறகு மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் படிக்க ஆரம்பித்தார்கள். அம்மாச்சி ஒருத்தி இருந்தாலே போதும், அவளுடைய 16,569 எழுத்தும் மகள் வயிற்றுப் பிள்ளையிடம் இருக்கும். அம்மாச்சி இல்லையென்றால் அம்மாவுடன் பிறந்த மாமாவோ, சித்தியோ, பெரியம்மாவோ போதும். ஆனால் அப்பத்தாவுக்கு இந்த முறை உதவாது. ஏனென்றால் அவளுடையது மகனோடு நின்றுவிடும். அப்பா பக்கத்துக்கு மற்ற குரோமோசோம்களைப் பார்ப்பார்கள். பேரன் என்றால் தாத்தாவின் ஒய் குரோமோசோமையும் பார்க்கலாம்.

பாட்டிமார்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. "நாங்கள் செத்த பிறகு பேரன் தேடி வந்தால் என்ன செய்வது?" என்று கவலைப்பட்டார்கள். அதற்காக 1987-இல் அரசாங்கம் சட்டம் போட்டு ஒரு மரபணு வங்கி ஏற்படுத்தியது. நாம் வங்கியில் பணம் போடுவது போல, அவர்கள் அங்கே தங்கள் இரத்தத்தைப் போட்டு வைத்தார்கள்!

ஒரு தலைமை ஆசிரியையின் கதை

எஸ்டெலா டே கார்லோட்டோ என்பவர் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்தவர். அவருடைய மகள் லாராவை 1977-இல் பிடித்துக்கொண்டு போனார்கள். 1978-இல் சிறையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம் கழித்து லாராவைக் கொன்றுவிட்டார்கள். எஸ்டெலா பாட்டிமார்கள் சங்கத்தில் சேர்ந்து, பிறகு அதன் தலைவரானார். மற்றவர்களுடைய பேரப்பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் கிடைத்தும் அவருடைய பேரன் மட்டும் கிடைக்கவில்லை.

2014-இல் இசைக் கலைஞர் ஒருவர், தன் பிறப்பில் சந்தேகம் வந்து தானாகவே பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தார். வங்கியில் இருந்த டி.என்.ஏ.வோடு பொருந்தியது. அவர்தான் எஸ்டெலாவின் பேரன்! அவர் கண்டுபிடிக்கப்பட்ட 114-ஆவது பேரப்பிள்ளை. அப்போது பேரனுக்கு 36 வயது, பாட்டிக்கு 83 வயது. 2025 ஜூலை வரை 140 பேர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். மற்றவர்களை இன்னும் தேடுகிறார்கள்.

இன்னொரு பெரிய காரியமும் நடந்தது. ஐ.நா. சபை 1989-இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 8-ஆவது பிரிவு, ஒரு குழந்தையின் பெயர், குடும்ப உறவு முதலிய அடையாளங்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. இது வருவதற்கு இந்தப் பாட்டிமார்கள்தான் முக்கியக் காரணம். 1992-இல் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆகவே நமக்கும் அந்த உரிமை உண்டு.

டி.என்.ஏ. சொல்லாதவை

இதைப் படிக்கும்போது சிலருக்கு ஒரு கேள்வி வரலாம். "பெத்தவங்கதான் அம்மாவா? வளர்த்தவங்க அம்மா இல்லையா?" எனக்கும் வந்தது. நம் ஊரிலும் தத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சித்தி வீட்டில், மாமா வீட்டில் வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சோறு போட்டது யார், காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க முழித்திருந்தது யார் என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. தத்து எடுப்பது வேறு, திருடுவது வேறு. அர்ஜென்டினாவில் நடந்தது திருட்டு. அதனால்தான் அந்தப் பாட்டிமார்கள் சும்மா இருக்கவில்லை.

அடுத்தது, இன்று சில நாடுகளில் உமிழ்நீரைக் குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்பினால், "உன் முன்னோர் இந்த நாட்டில் இத்தனை சதவீதம்" என்று பதில் அனுப்புகிறார்கள். அது தோராயம்தான். அந்த நிறுவனத்திடம் யார் யாருடைய டி.என்.ஏ. இருக்கிறதோ அவர்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஒரே ஆள் இரண்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் இரண்டு விதமாகப் பதில் வரும்.

மூன்றாவது, யார் உசத்தி யார் தாழ்த்தி என்று சொல்லும் எழுத்து 300 கோடியில் ஒன்றுகூட இல்லை. இதை மட்டும் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

நம் பள்ளியில் டி.என்.ஏ. சோதனைக் கூடம் கிடையாது. ஆனால் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும். எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். அப்பாவின் தாத்தா பேர் பலருக்குத் தெரிகிறது. அம்மாச்சியோட அம்மா பேர் என்னன்னு கேட்டா முழிக்கிறாங்க. அவங்க கொடுத்ததை உடம்பில் வச்சிருக்கோம், அவங்க பேர் தெரியலை!

இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேளுங்கள். அம்மா, அம்மாச்சி, அம்மாச்சியின் அம்மா, அவங்களோட அம்மா. நாலு பேருடைய பேரும் ஊரும் எழுதுங்கள். அம்மாவுக்குத் தெரியாவிட்டால் அம்மாச்சியிடம் போய்க் கேளுங்கள். பேர் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். எழுதியதைக் கொண்டு வந்தால் அடுத்த சுவர்ப் பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க அந்தப் பெயர்களையே எழுதலாம் என்று நினைக்கிறேன். ஆசிரியர்கள் அனுமதி தர வேண்டும்.

யோசித்துச் சொல்லுங்கள்: அண்ணன், தங்கை இருவருக்கும் கல்யாணம் ஆகி ஆளுக்கு ஒரு பெண் குழந்தை. இதில் எந்தக் குழந்தைக்கு அண்ணன் தங்கையுடைய அம்மாவின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. இருக்கும்?

(விடை: தங்கையின் குழந்தைக்கு மட்டும். அண்ணன் குழந்தைக்கு அண்ணியுடையதுதான் வரும்.)



— ஒன்பதாம் வகுப்பு மாணவி