'சாப்ட்டேம்மா'ன்னு சொல்றதெல்லாம் நிஜமா பாஸ்?

ஜெர்மன் யுனிவர்சிட்டியில இருந்து அட்மிஷன் லெட்டர் வந்தாச்சு. ஏ.பி.எஸ். சர்ட்டிஃபிகேட், பிளாக்டு அக்கவுன்ட், விசான்னு அத்தனை கண்டத்தையும் தாண்டியாச்சு. தி.நகர்ல அலைஞ்சு ஸ்வெட்டர் வாங்கியாச்சு. பெட்டியில பாதிக்கு பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஆவக்காய். வெயிட் அதிகமாகி, ஏர்போர்ட் தரையிலயே பெட்டியைப் பிரிச்சு, ஜீன்ஸை வெளியே எடுத்துட்டு ஊறுகாயை உள்ளே வெச்ச மகான்கள் எங்க காலேஜ்லயே இருக்காங்க!

எஸ்.ஓ.பி. எப்படி எழுதணும், இன்டர்வியூல எப்படிப் பேசணும்னு கன்சல்டன்ஸியில சொல்லித் தர்றாங்க. ஆனா, போய் இறங்கி அஞ்சாறு வாரம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரூம்ல தனியா உட்கார்ந்திருக்கிறப்ப தொண்டைக்குள்ளே ஏதோ வந்து அடைக்குமே... அதுக்கு என்ன பண்றதுன்னு எந்த பிரோஷர்லயும் காணோம். அதைக் கேட்கத்தான் ஜெர்மனியில மாஸ்டர்ஸ் படிக்கிற, படிச்சு முடிச்ச சீனியர்ஸ் சிலரைப் பிடிச்சேன். "பேர் மட்டும் போட்டுடாதேப்பா, வீட்ல படிச்சா அம்மா அழுவாங்க!" - எல்லாரும் போட்ட ஒரே கண்டிஷன் இதுதான்.

ஏன் ஜெர்மனி? அரசு யுனிவர்சிட்டிகள் பலவற்றில் ட்யூஷன் ஃபீஸ் இல்லை என்பது முதல் காரணம். (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-ல் இருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்க ஆரம்பித்தது. மாநிலத்தைப் பார்த்து அப்ளை பண்ணுங்க பாஸ்!) 2023-24 குளிர்கால செமஸ்டரில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். சீனாவையே பின்னுக்குத் தள்ளிய எண்ணிக்கை. அத்தனை பேருக்கு நடுவிலும் ஒருத்தர் தனியா உட்கார்ந்து அழ முடியும் என்பதுதான் மேட்டர்.

அக்டோபர் ஜாலி... நவம்பர் காலி!

"போன உடனே ஒண்ணுமே தெரியலைப்பா" என்கிறார் கெம்னிட்ஸில் படிக்கும் மெக்கானிக்கல் சீனியர் அண்ணன். ஈரோட்டுக்காரர். "வீட்டு அட்ரஸைப் பதிவு பண்ண ஆபீஸுக்கு ஓடணும், பேங்க், இன்ஷூரன்ஸ், சிம் கார்டுன்னு ஓடிட்டே இருப்போம். டிராம்ல போனா போட்டோ, பிரட் கடையில நின்னா போட்டோ. அம்மாவை நினைக்கக்கூட நேரம் இல்லை!"

அப்புறம் அக்டோபர் கடைசி ஞாயிறு. அன்றைக்கு விடிகாலையில் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். நம்ம ஊருக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அன்று முதல் நாலரை மணி நேரம். டிசம்பர் வந்தால் கெம்னிட்ஸ் பக்கமெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கே சூரியன் ஷட்டரை இழுத்து மூடிவிடும். காலையில் எட்டு மணிக்குத்தான் திறக்கும்.

இஞ்சினீயரிங் மூளையால் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரோட்டில் அம்மா ராத்திரி பத்து மணிக்குத் தூங்கப் போனால், கெம்னிட்ஸில் அப்போது சாயங்காலம் ஐந்தரை. லேப் முடிந்து, ஏற்கெனவே இருட்டிப் போன தெருவில் நடந்து ரூமுக்கு வந்து ஷூவைக் கழற்றும் நேரம். அதாவது, பேச ஆள் வேண்டும் என்று மனசு ஏங்க ஆரம்பிக்கிற அந்த நிமிஷத்தில் மொத்த ஊரும் தூங்கிப் போயிருக்கும். அங்கிருந்து தூக்கம் வரும் வரை ஆறேழு மணி நேரம்... வாட்ஸ்அப்பில் ஒரு பச்சைப் புள்ளிகூட இருக்காது.

ஞாயித்துக்கிழமை இன்னும் மோசம். சூப்பர் மார்க்கெட்டில் இருந்து துணிக்கடை வரை பூட்டு. ஞாயிறு ஓய்வு நாள் என்பது அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. நம்ம ஊர் பந்த் நாளில்கூட பெட்டிக்கடை பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருக்கும் இல்லையா? அங்கே அதுவும் கிடையாது. சனிக்கிழமை பால் வாங்க மறந்தவர் திங்கட்கிழமை வரை கட்டங்காப்பிதான்.

"அப்பத்தான் 'சாப்ட்டேம்மா' ஆரம்பிச்சுது" என்கிறார் அண்ணன். "மத்தியானம் அம்மா வீடியோ கால்ல வருவாங்க. 'சாப்ட்டியா கண்ணு?'ம்பாங்க. 'சாப்ட்டேம்மா, சாதம், ரசம், முட்டைப் பொரியல்'னு அடிச்சு விடுவேன். சாப்ட்டது நாலு பிஸ்கட். ஒரு நாள் 'ரூம்ல ஏன் லைட்டு போடலை?'ன்னு கேட்டாங்க. கரன்ட் இல்லைன்னுட்டேன். ஜெர்மனியில பவர் கட்!" சிரிக்கிறார். நமக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இதற்கு ஜெர்மன் மொழியில் 'ஹைம்வே' என்று பேர். 'ஹைம்' என்றால் வீடு, 'வே' என்றால் வலி. 1688-ல் பாஸல் நகரத்தில் யோஹான்னஸ் ஹோஃபர் என்கிற மருத்துவ மாணவர் இந்த வலியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். வெளிநாட்டுக்குப் போன சுவிஸ்காரர்கள் ஊர் நினைப்பில் இளைத்துப் போவதை ஒரு வியாதியாகவே வர்ணித்து, 'நாஸ்டால்ஜியா' என்று கிரேக்கத்தில் ஒரு பேரும் வைத்தார். இன்றைக்கு நாம 90ஸ் கிட்ஸ் மிட்டாய் போட்டோவுக்கெல்லாம் போடுகிற வார்த்தை, ஒரு காலத்தில் டாக்டர் சீட்டில் எழுதுகிற வார்த்தை!

கதவைத் தட்டிய குப்பைக் கூடை

டிசம்பரில் அண்ணனுக்கு நிலைமை முற்றிவிட்டது. காலையில் எழுந்திருக்கவில்லை. கிளாஸ் போகவில்லை. இரண்டு வாரம். வீட்டில் கல்விக் கடன் வாங்கியிருக்கிறார்கள், அப்பா பி.எஃப். பணத்தில் கை வைத்திருக்கிறார். 'முடியலை'ன்னு யாரிடம் சொல்வது? போனில் மட்டும் ரசமும் முட்டைப் பொரியலும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

அவர் இருந்தது ஐந்து பேர் கிச்சனைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஸ்டூடண்ட் ஹாஸ்டல். அங்கே கிச்சன் சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். 'புட்ஸ்பிளான்' என்பார்கள். இந்த வாரம் யார் அடுப்பு துடைக்கணும், யார் குப்பை கொட்டணும் என்கிற முறை. ஒரு நாள் பக்கத்து ரூம் பல்கேரியாக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார்.

"நான் திறக்கவே இல்லை. அவன் விடாம தட்டறான். திறந்தா, 'இந்த வாரம் குப்பை உன் முறை. ஆறு நாளா கொட்டலை'ங்கறான். எனக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தான். 'உடம்பு சரியில்லையா? உன்னை கிச்சன்ல பார்த்தே ரொம்ப நாளாச்சே'ன்னான். அவ்வளவுதாம்பா... பொலபொலன்னு அழுதுட்டேன். அவனுக்கு ஒண்ணுமே புரியலை. ரெண்டு பேரும் சேர்ந்து போய் குப்பையைக் கொட்டிட்டு வந்தோம்."

அன்றைக்கு ராத்திரி பல்கேரியாக்காரர் ஏதோ பீன்ஸ் சூப் வைத்துக் கொடுத்தாராம். உப்பும் இல்லை, காரமும் இல்லை. "ஆனா, அந்த மாசத்துல நான் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்" என்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்கு நம்ம கும்பகோணம் ராமானுஜன் ஞாபகம் வந்தார். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனவர். சுத்த சைவம், தானே சமைத்துக்கொள்வார். அங்கே படித்த வங்காள மாணவர் மஹலனோபிஸ் (பிற்பாடு புள்ளியியலில் பெரிய ஆள்) ஒரு நாள் ரூமுக்கு வந்து, 'ராத்திரி குளிருதா?' என்று கேட்டிருக்கிறார். ஆமாம், ஓவர்கோட்டைப் போட்டு, சால்வையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றிருக்கிறார் ராமானுஜன். உள்ளே போய்ப் பார்த்தால், கட்டில் மேல் கம்பளிகள் இருக்கின்றன! எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு. கம்பளியை இழுத்து, அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. வெறும் மேல்விரிப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்.

எத்தனை ராத்திரி அப்படிக் குளிரில் கிடந்தாரோ! உலகமே வியந்த மூளை. ஆனால், கம்பளியை எப்படிப் போர்த்துவது என்று கேட்கக் கூச்சப்படாத அளவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. மஹலனோபிஸ் தானாகப் போய்க் கேட்டதால்தான் விஷயம் தெரிந்தது. ஊரில் இருந்தும் ஆறுதல் வரவில்லை. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியார் கையிலேயே நின்றுவிட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. 1917-ல் படுத்த படுக்கையானார். 1919-ல் ஊர் திரும்பி, மறு வருஷமே போய்விட்டார்.

அவருக்கு முன்னால் 1888-ல் லண்டன் போன காந்தியும் ராத்திரியெல்லாம் அம்மாவை நினைத்து அழுதவர்தான். சைவ ஹோட்டல் ஒன்றைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். அதோடு விடவில்லை. அந்த ஊர் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார், தான் குடியிருந்த பகுதியில் ஒரு கிளப்பையே ஆரம்பித்தார். வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டு மீட்டிங் போட வேண்டிய வேலை இருக்கிறவனுக்கு, ரூமில் உட்கார்ந்து அழ நேரம் எங்கே?

நம்ம கேங் போதுமா?

'அதான் நம்ம பசங்க இருக்காங்களே' என்பீர்கள். இருக்காங்க. எந்த ஊருக்குப் போனாலும் தமிழ் வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஏர்போர்ட்டில் கூட்டி வருவது முதல், செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வரை எல்லாம் அதில் நடக்கும். முதல் மாதம் அதுதான் கைத்தடி. ஆனால், டார்ட்மண்டில் படித்து அங்கேயே வேலையும் பார்க்கும் சீனியர் அக்கா ஒரு குண்டு போட்டார்.

"நாங்க ஆறு பேர் ஒரே ஃப்ளாட். ரெண்டு வருஷம் சாம்பார், சினிமா, பேச்சுன்னு செம ஜாலி. தாளிச்சு தாளிச்சு ஸ்மோக் அலாரம் அடிக்காத வாரமே கிடையாது! படிப்பு முடிஞ்சதும் ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போயிட்டாங்க. அன்னிக்குத்தான் எனக்கு ஹோம்சிக் ஆரம்பிச்சுது. ரெண்டு வருஷம் லேட்டா! அதுவரைக்கும் நான் ஜெர்மனிக்கே வரலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது."

அதற்கப்புறம் அவர் செய்தது, ஜெர்மன் வகுப்பில் ஒழுங்காகச் சேர்ந்ததும், பழைய யுனிவர்சிட்டி வழியாக ஒரு பேட்மின்டன் குழுவில் பேர் கொடுத்ததும்தான். "செவ்வாக்கிழமை நான் போகலைன்னா, டபுள்ஸுக்கு ஆள் குறையும். 'எங்கே காணோம்?'னு மெசேஜ் வரும். அந்த 'எங்கே காணோம்' இருக்கே... அதுதாம்ப்பா ஊரு!"

அதே அக்கா வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் போகும் இடம், பக்கத்திலிருக்கும் ஹாம் நகரத்து காமாட்சி அம்பாள் கோயில். இலங்கையில் இருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் எழுப்பிய கோயில் இது. 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. 17 மீட்டர் உயர ராஜகோபுரம்! சுற்றிலும் தொழிற்பேட்டை. கோடையில் தேர்த் திருவிழா வந்தால் ஐரோப்பாவின் பல மூலைகளில் இருந்து ஆயிரக்கணக்கில் கூட்டம். காவடியும் உண்டு, கால்வாயில் தீர்த்தவாரியும் உண்டு. ரிட்டர்ன் டிக்கெட் இல்லாமல் வந்த அவர்கள், ஊரைத் தூக்கி வந்து அங்கே நட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்று தேர் பார்க்கும் ஜெர்மன்காரர்களுக்குப் பிரசாதம் கொடுத்து விளக்கம் சொல்வது அக்காவின் வேலை.

கொஞ்சம் சீரியஸ்

இரண்டு நாள் அழுகை வந்து போனால் அது வீட்டு நினைப்பு. இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, அல்லது தூக்கம் மட்டும்தான், குளிக்கப் பிடிக்கவில்லை, பரீட்சைக்குப் பதிவுகூடச் செய்யவில்லை என்றால், அதை 'ஹோம்சிக்'னு சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள் ப்ளீஸ். ஹாஸ்டலையும் கேன்டீனையும் நடத்தும் 'ஸ்டூடியரென்டன்வெர்க்' அமைப்புகளில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நாம செமஸ்டருக்குக் கட்டும் பணத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு போகிறது, அதனால் கூச்சமே வேண்டாம். பல ஊர்களில் 'நைட்லைன்' என்று மாணவர்களே ராத்திரியில் போன் எடுத்துப் பேசும் சேவை உண்டு. சில இடங்களில் இங்கிலீஷிலும் பேசலாம். உயிருக்கே ஆபத்து என்கிற நிலை என்றால் 112.

பாதியில் திரும்பி வந்த ஒருத்தரிடமும் பேசினேன். ஒரே செமஸ்டர். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். "ஏர்போர்ட்ல அப்பா ஒரு வார்த்தை கேட்கலை. பெட்டியை வாங்கிக்கிட்டார். சொந்தக்காரங்கதான் இன்னும் கேட்டுட்டு இருக்காங்க!" கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஆள் நல்லா இருக்கார்.

கெம்னிட்ஸ் அண்ணன் வீட்டில் இப்போது கேள்வி மாறிவிட்டது. குப்பைக் கதையை ஒரு நாள் அவரே அப்பாவிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா 'சாப்ட்டியா?' என்று கேட்பதில்லையாம். "'இன்னிக்கு யார்கூட சாப்ட்டே?'ம்பார். அதுக்குப் பொய் சொல்றது ரொம்பக் கஷ்டம்ப்பா. பேர் சொல்லணுமே!"

இந்த அக்டோபரில் கிளம்பப் போகும் எங்க செட் பசங்களுக்காக, பெட்டியில் முக்கியமாக என்ன வைக்கணும் என்று கடைசியாக அண்ணனிடம் கேட்டேன். பெரிசா ஏதோ தத்துவம் சொல்லப் போகிறார் என்று பேனாவை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"குக்கர் கேஸ்கெட் ரெண்டு எக்ஸ்ட்ரா வெச்சுக்கச் சொல்லு. இங்கே நம்ம குக்கர் சைஸுக்குக் கிடைக்கவே மாட்டேங்குது. அதுல ஒண்ணு எனக்கு. பல்கேரியாக்காரன் வாராவாரம் எலுமிச்சை சாதம் கேட்கறான்!"