பழைய கார் டோர் பேட்: கழற்றுவது ஈஸி, மாட்டுவதில்தான் விஷயமே!

தாம்பரம், முடிச்சூர் பக்கம் மழை பிடித்தாலே 2015 டிசம்பர் வெள்ளம்தான் ஞாபகம் வரும். ஆனால், பழைய காருக்குள் ஈரம் வர வெள்ளமே தேவையில்லை. கண்ணாடி ரிப்பேருக்காகக் கழற்றிய டோர் பேடைச் சரியாக மாட்டாவிட்டாலே போதும்.

தண்ணீர் எப்படி வருகிறது?

கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்குவது சகஜம். அது கதவின் அடி ஓட்டைகள் வழியே வெளியேறிவிடும். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்தான் அதைக் காருக்குள் விடாமல் தடுக்கிறது. ஷீட் கிழிந்தால் கால் வைக்கும் இடம் நனையும். நாளடைவில் தரைத்தகடும் துருப்பிடிக்கும்.

மாட்டும்போது என்ன செய்யணும்?

* அடி ஓட்டைகளில் அடைத்த மண்ணை எடுங்க.
* ஷீட் கிழிந்திருந்தால், கெட்டியான பாலித்தீனை வெட்டி பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்க.
* பேடை மூடும் முன் கண்ணாடி, லாக் இரண்டையும் இயக்கிப் பாருங்க.
* உடைந்த கிளிப்பை மாற்றுங்க. ஒன்றிரண்டு இல்லாவிட்டாலும் பேட் 'கடகட'தான். கிளிப்பை ஓட்டைக்கு நேராக வைத்து, உள்ளங்கையால் அழுத்துங்க.
* 2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800 போன்ற கார்களில், கண்ணாடி சுற்றும் ஹேண்டிலுக்குள் கம்பி லாக்கை முதலில் பொருத்தி, பிறகு தண்டில் வைத்துத் தட்டுங்க. 'டக்' என்று உட்காரும்.

கிளிப் எங்கே கிடைக்கும்?

புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு கடைகளில் தேடலாம். பழைய கிளிப் ஒன்றை சாம்பிளுக்கு எடுத்துப் போங்க. அளவு மாறினால் நிற்காது.