ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை லிட்டர் காற்று?

சுருளிப்பட்டியிலிருந்து பன்னீர் திராட்சைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கம்பத்துக்குப் போகும் பழைய பைக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிக்காரர்கள் ஒர்க்‌ஷாப்பில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பெட்ரோலக் கொஞ்சம் கொறச்சு வைங்கண்ணே, மைலேஜ் கெடைக்கட்டும்."

பெட்ரோலைக் குறைத்தால் மைலேஜ் கூடுமா? கூடும், ஓர் எல்லை வரைக்கும்.

1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 11 கிலோ காற்று! லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 9,000. மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஒன்பது நிறையும். நல்லவேளை, பெட்ரோல் பங்க்கில் காற்றுக்கு மீட்டர் ஓடுவதில்லை.

இந்த இரண்டையும் கலப்பது கார்ப்பரேட்டர். எப்படி? ஒரு ஸ்ட்ராவை இரண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டைத் தண்ணீர் டம்ளரில், நுனி சற்று வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். மற்றதை அதன் நுனிக்குக் குறுக்கே படுக்கைவாட்டில் பிடித்து வேகமாக ஊதுங்கள். தண்ணீர் மேலேறிப் பூத்தூறலாகச் சிதறும். காற்று விரைந்தோடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. டம்ளரில் உள்ள தண்ணீரை வெளிக்காற்று மேலே தள்ளிவிடுகிறது. கார்ப்பரேட்டரின் குறுகலான தொண்டையில், ஜெட் என்ற நுண்துளை வழியாகப் பெட்ரோல் ஏறுவதும் இப்படித்தான். (சோதனையைத் தண்ணீரில் மட்டும் செய்யுங்கள். பெட்ரோல் பக்கமே போகக் கூடாது!)

எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 13 பங்கு அளவில் இருந்தால் இன்ஜினுக்கு வலு அதிகம். 16 பங்கு வரை போனால் சிக்கனம். அதற்கு மேலும் பெட்ரோலைக் குறைத்தால் கலவை மெதுவாக எரியும், சில சமயம் பற்றவே பற்றாது. வண்டி இழுக்காமல் திக்கும், இன்ஜின் சூடேறும். ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்குவார். மிச்சம் பிடித்த பெட்ரோல் அதிலேயே போய்விடும்.

மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் ஒரு சின்னத் திருகை மெல்ல மெல்லத் திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்பார். இன்ஜின் எங்கே சீராகவும் வேகமாகவும் சுற்றுகிறதோ அங்கே நிறுத்துவார். ஆனால் வண்டி நின்றபடி ஓடும்போதும் மெதுவாகப் போகும்போதும்தான் அந்தத் திருகின் அதிகாரம் செல்லும். சாலையில் வேகமெடுத்தால் ஜெட்டும் அதற்குமேல் இருக்கும் ஊசியுமே முடிவு செய்யும். திருகை மட்டும் திருப்பி மைலேஜை அள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சரிபார்க்க அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். நுனி கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பாக இருந்தால் சரி. கறுத்திருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது. தோட்டத்து மண்பாதைத் தூசி அடைத்துக்கொண்டால் காற்று எப்படி நுழையும்?

இனி மலைக்குப் போவோம். கம்பம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், மேகமலை சுமார் 1,500. அங்கே காற்று பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் கலவையில் பெட்ரோல் மிகுந்து வண்டி மந்தமாகும். கீழே கச்சிதமாக ட்யூன் செய்த வண்டி மேலே போய் மூச்சு வாங்குவது மெக்கானிக்கின் குற்றமில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்தது. புகையைக் கட்டுப்படுத்தப் புதிய பைக்குகளில் பெரும்பாலானவை கார்ப்பரேட்டரைக் கைவிட்டன. காற்றழுத்தத்தையும் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனையும் சென்சார்கள் அளந்து சொல்ல, ஒரு சின்னக் கணினி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. மேகமலை ஏறினால் தானே குறைத்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டு வண்டியில் சோக் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த காலையில் இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வார்களே, அதுதான். இருந்தால், உள்ளே இருப்பது கார்ப்பரேட்டர்.