வேற்றரசின் படையும் சர்வதேசச் சட்டமும்

ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு மக்கள் அல்லலுறுங்கால், வேற்றரசொன்று தன் படையை அங்கே அனுப்பலாமோ? அனுப்பலாமெனின், எவருடைய சம்மதத்தோடு, எவ்வெல்லை வரை? நம் ஈழநாட்டிலேயே இவ்வினா எழுந்து, பல்லாயிரவர் வாழ்வைத் தாக்கியது. அவ்வரலாற்றைத் துணையாகக் கொண்டு சட்டத்தின் நிலையை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஐக்கிய நாடுகள் சாசனம் 1945 ஆம் ஆண்டில் உருவாயிற்று. ஓரரசு பிறிதோர் அரசின் நிலப்பரப்புக்கோ சுதந்திரத்துக்கோ மாறாகப் படைப்பலத்தைப் பிரயோகித்தலையும், பிரயோகிப்போமென அச்சுறுத்தலையும் அதன் 2 ஆம் உறுப்புரை விலக்குகின்றது. இவ்விலக்குக்குச் சாசனம் கூறும் புறநடைகள் இரண்டு. ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளான நாடு தன்னைக் காத்தல் ஒன்று. பாதுகாப்புச் சபை அதிகாரமளித்தல் மற்றொன்று. இவற்றின் வேறாக, ஓரரசு தானே விரும்பி வேற்றுப்படையை அழைத்தலும் உண்டு. அழைத்தார் வீட்டுக்குள் செல்வது அத்துமீறல் ஆகாதன்றோ?

1971 ஏப்ரிலில் மக்கள் விடுதலை முன்னணியினர் கிளர்ந்தெழுந்தபோது, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் பல நாடுகளிடம் உதவி வேண்டியது. இந்தியாவும் பாக்கிஸ்தானும் ஹெலிகொப்டர்களை அனுப்பின. இந்தியப் படையினர் கட்டுநாயக்கா விமான நிலையத்தைக் காத்தனர். அழைப்புத் தெளிவாயிருந்தமையின் சட்டச் சிக்கல் எழவில்லை.

1987 இன் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தவர்க்கு உணவும் மருந்தும் கொணர்ந்த இந்தியப் படகுகளை யூன் 3 ஆந் திகதி இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பிற்று. மறுநாள் இந்திய விமானங்கள், போர் விமானங்கள் காவலாய்ச் சூழ, யாழ்ப்பாணத்தின்மீது பறந்து நிவாரணப் பொருள்களைப் போட்டன. இலங்கை அரசு இதனைத் தன் இறைமையை மீறிய செயலெனக் கண்டித்தது. இந்தியா மனிதாபிமான உதவியென்றது.

இதற்கு ஓராண்டின் முன், நிக்கராகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்று தீர்ப்பளித்திருந்தது. பாரபட்சமின்றி வழங்கும் மனிதாபிமான உதவி சட்டவிரோதத் தலையீடு ஆகாதென்பது அதன் ஒரு முடிபு. அனுமதியின்றி ஒரு நாட்டின் வான்பரப்பிற் பறத்தல் அந்நாட்டின் இறைமையை மீறுவதென்பது மற்றொரு முடிபு. அரசாங்கம் அழைத்தால் வேற்றரசு உதவலாம். எதிர்த்துப் போராடுவோர் அழைத்தல் போதாதென்றும் நீதிமன்று கருதியது. ஆகவே, இருசாராரும் தத்தம் வாதத்துக்கு அவ்வொரே தீர்ப்பிற் சான்று காட்டல் கூடும்.

அவ்வாண்டு யூலை 29 ஆந் திகதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். போர்நிறுத்தத்தை நிலைநாட்ட இந்திய அமைதிகாக்கும் படையை இலங்கைச் சனாதிபதி அழைக்கலாமென அதன் இணைப்பு கூறிற்று. எட்டு வாரங்களுக்கு முன் அனுமதியின்றி வான்வழி வந்த அரசின் படை, இப்போது அழைப்போடு வந்திறங்கியது. அச்சுறுத்தலாற் பெற்ற உடன்படிக்கை செல்லாதென 1969 இன் வியன்னா உடன்படிக்கை விதித்திருத்தலின், இச்சம்மதம் மனமொப்பி அளிக்கப்பட்டதுதானோ என வினவியோரும் உளர். எச்சர்வதேச நீதிமன்றும் அதனை ஆராய்ந்து தீர்க்கவில்லை.

ஒக்டோபர் 10 ஆந் திகதி அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அழைப்பு வாயிலைத் திறக்கும்; உள்ளே நிகழ்வனவற்றுக்கு விடை தராது. அதற்கு வேறொரு சட்டம் உண்டு. போரிற் பங்குகொள்ளாதோரையும், ஆயுதங் களைந்தோரையும், நோயுற்றோரையும் மனிதத்தன்மையோடு நடத்துமாறு 1949 இன் ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3 ஆம் உறுப்புரை பணிக்கின்றது. அரசின் படைக்கும், அதனை எதிர்த்துப் போரிடும் இயக்கத்துக்கும் அது ஒக்கும். அம்மாதம் 21 ஆந் திகதி யாழ்ப்பாண ஆசுப்பத்திரியினுள் இந்தியப் படையினர் புகுந்தபோது நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சுடப்பட்டு மாண்டனர். அழைப்பின்பேரில் வந்த படை என்பதனால் அக்கொலைகள் நியாயமாகிவிடா.

கொடுத்த சம்மதத்தை மீட்டுக்கொள்ளவும் அரசுக்கு உரிமையுண்டு. 1989 யூனில் சனாதிபதி பிரேமதாசா அப்படையை வெளியேறுமாறு கோரினார். உடன்படிக்கைக் கடமைகள் நிறைவேறவில்லையென இந்தியா வாதித்தது. ஈற்றில் 1990 மார்ச்சு 24 ஆந் திகதி எஞ்சிய படையும் கப்பலேறியது.

இங்கே ஒரு குறையையும் நாம் மறைத்தலாகாது. சட்டம் கேட்கும் சம்மதம் அரசின் சம்மதம். அல்லலுறும் மக்களின் சம்மதமன்று. 1987 இன் உடன்படிக்கையில் தமிழர் எவரும் ஒரு தரப்பாகக் கைச்சாத்திடவில்லை. இரத்தோட்டையிலும் சூழவுள்ள தோட்டங்களிலும் வாழ்வோர்க்கு இது புதிதன்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையக மக்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டபோதும் அம்மக்களை எவரும் கேட்டிலர்.

கொடுங் குற்றங்களினின்றும் மக்களைக் காத்தல் அரசுகளின் பொறுப்பென உலகத் தலைவர்கள் 2005 இல் ஏற்றனர். எனினும் அதன்பொருட்டுப் படைப்பலத்தைப் பிரயோகித்தற்குப் பாதுகாப்புச் சபையின் முடிபு வேண்டும். 2009 இல் வன்னியிற் போர் முடிவுற்ற மாதங்களில், இலங்கை நிலைமை அச்சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில் இடம்பெறவேயில்லை.

ஆதலின், எந்நாட்டிலேனும் வேற்றுப்படை இறங்கிய செய்தியைப் படிக்கும் மாணவர், யார் அழைத்தார், எதுவரை அழைத்தார், வந்தோர் எங்ஙனம் நடந்தனர் என்னும் மூன்றனையும் ஆராய்தல் வேண்டும். யாரைக் கேட்கவில்லை என்னும் நான்காவது வினாவைச் சட்டம் இன்னும் கேட்கக் கற்கவில்லை. கற்றறிந்தோராவது அதனைக் கேட்டல் கடன்.