ஸ்டாம்புத் தாளில் அறுபடுமா தாலி?

கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துவரவில்லை. ஊரில் நாலு பேர் கூடுகிறார்கள். சீர்வரிசைப் பாத்திரம் திரும்புகிறது. 'இனி உனக்கும் எனக்கும் தொடர்பில்லை' என்று ஸ்டாம்புத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். தீர்த்துவிட்டார்களாம்! வில்லியனூர், பாகூர்த் தோழர்களுக்கு இந்தக் காட்சி புதிதா?

தீரவில்லை, தோழர்களே! அந்தத் தாளை நம்பி இருவரில் எவர் மறுமணம் செய்தாலும், சட்டத்தின் கண்ணில் அது இருதார மணம். ஏழாண்டு வரை சிறை உண்டு. புது மணமும் செல்லாது. வழக்கப்படி நடந்த விலக்கை 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் ஏற்கிறதே என்பார் பஞ்சாயத்தார். ஏற்கிறது, ஆனால் அவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டென்று கோர்ட்டில் மெய்ப்பிக்க வேண்டுமே! அன்று சாட்சிக்கூண்டேற இவர்களில் யார் வருவார்?

கோர்ட்டு என்றதும் உழைப்பாளி நடுங்குகிறான். வாய்தா, குறுக்கு விசாரணை, குடும்பச் சண்டை சந்தி சிரிக்கும் என்ற அச்சம். இருவரும் மனமொத்தால் அந்த வழக்காடலே வேண்டாம் என்று அவனுக்குச் சொன்னவர் எவர்? 1976இல் அச்சட்டத்தில் 13-பி என்ற பிரிவு சேர்ந்தது. ஓராண்டாகப் பிரிந்து வாழ்வோர் கூட்டாக ஒரே மனு போடலாம். தனி வீடு பார்க்க வக்கில்லாமல் ஒரே கூரைக்கடியில் கிடந்தாலும், கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிவே என்றது சுப்ரீம் கோர்ட்டு, 1991இல். குற்றவாளி யாரென்று நீதிபதி தேடுவதில்லை. மணமும் சம்மதமும் மெய்தானா என்றே பார்ப்பார். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் கேட்டால் விலக்கு. தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தையும் தள்ளிவிடலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்தது.

(1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணைப்படி தம் வழிச்சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. புதுவைக்கே உரிய சிக்கல் அது!)

சம்மதம், சம்மதம் என்கிறோமே, யாருடைய சம்மதம்? அண்ணன் அதட்டி, மாமியார் மிரட்டி வாங்கியதா? தீர்ப்பு வரும்வரை அவள் மனம் மாறி மறுக்கலாம். அந்த உரிமையை உறுதி செய்ததும் அதே 1991ஆம் ஆண்டுத் தீர்ப்புத்தான். நகை, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் என்பதெல்லாம் மனுவிலேயே ஏறவேண்டும். பிள்ளையின் பராமரிப்புத் தொகையைத் தாயும் தகப்பனும் பேரம் பேசித் தள்ளுபடி செய்ய முடியாது.

வக்கீலுக்குப் பணம்? 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட தோழர்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. பஞ்சாயத்தில் உட்காரும் நம் தோழர்கள், ஸ்டாம்புத் தாள் வாங்க ஆள் அனுப்புமுன் அந்த இருவரையும் அங்கே அனுப்பட்டும்.