இலையில் இருந்த முட்டை அறிக்கையில் எங்கே போனது?

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டையை நாள்தோறும் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதி வந்தாள். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள முட்டை. திருமணங்களுக்குப் படமெடுக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் தம் கேமராவில் அதைத் தெளிவாகப் படம்பிடித்துத் தந்தார். ஆனால், அறிவியல் கண்காட்சிக்கான அறிக்கையில் ஒரு மங்கிய வெள்ளைப் புள்ளிதான் அச்சானது. "முட்டை எங்கேம்மா?" என்று நடுவர் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தவறு என்னுடையது.

அவர் தந்த கோப்புகளின் பெயர்கள் 'சிஆர்2' என்று முடிந்தன. அவற்றை அறிக்கையில் சேர்க்க முடியவில்லை. பெயரின் கடைசிப் பகுதியை 'ஜேபிஜி' என்று மாற்றிப் பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் பெயரைத் திருத்தினால் மாணவன் மாறிவிடுவானா? முடிவில், திரையில் தெரிந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முட்டையை மட்டும் வெட்டி ஒட்டினேன்.

ரா கோப்பு என்பது என்ன?

கேமரா உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தின் ஒளியளவை மட்டுமே பதிவு செய்கிறது. அந்த அளவுகளை அப்படியே சேமிப்பதே ரா கோப்பு. கேனானில் சிஆர்2, சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், பல கைபேசிகளில் டிஎன்ஜி. 14 பிட் ரா கோப்பில் ஒரு நிறத்துக்கு 16,384 படிநிலைகள் உண்டு; ஜேபெக்கில் 256 மட்டுமே. ரா என்பது நெல். ஜேபெக் என்பது சோறு. நெல்லை அப்படியே இலையில் பரிமாற முடியாது.

ஸ்கிரீன்ஷாட் ஏன் கெடுத்தது?

மூலப்படத்தின் அகலம் 6000 பிக்சல். முட்டை இருந்த ஆறில் ஒரு பங்கை வெட்டினாலும் 1000 பிக்சல் மிஞ்சும். அதை 3 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 333 பிக்சல். நல்ல அச்சுக்கு 300 போதும். என் கணினித் திரையின் அகலமோ 1366 பிக்சல். அதில் ஆறில் ஒரு பங்கு 228. அங்குலத்துக்கு வெறும் 76.

செய்ய வேண்டியவை

1. ரா கோப்புகளைக் கணினியில் தனிக் கோப்புறையில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும்.

2. கட்டணமில்லாத ராதெரபி அல்லது டார்க்டேபிள் மென்பொருளில் திறந்து வெளிச்சம், நிறம் ஆகியவற்றைச் சரிசெய்து, தேவையான பகுதியை வெட்டுங்கள். திருத்தங்கள் தனிக் கோப்பில் சேமிக்கப்படும்; மூலம் மாறாது.

3. அச்சில் வரவேண்டிய அகலத்தை அங்குலத்தில் கணக்கிட்டு 300ஆல் பெருக்குங்கள். அத்தனை பிக்சல் அகலத்தில் ஏற்றுமதி செய்யுங்கள்.

4. ஒளிப்படம் என்றால் ஜேபெக், தரம் 90 அளவில். கோட்டுப்படம், வரைபடம், எழுத்துள்ள படம் என்றால் பிஎன்ஜி. அதில் எழுத்தின் ஓரம் சிதையாது. அச்சகம் கேட்டால் டிஃப்.

5. ஆவணத்தில் 'இன்செர்ட்' வழியாகப் படத்தைச் சேருங்கள். வேர்டு மென்பொருள் சேமிக்கும்போது படத்தைச் சுருக்கக்கூடும். அட்வான்ஸ்டு அமைப்புகளில் படத்தைச் சுருக்க வேண்டாம் என்ற தெரிவைக் குறியிடுங்கள்.

ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் சற்றுக் குறையும். மாற்றம் வேண்டுமெனில் ரா கோப்பிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.

கண்காட்சி முடிந்த மறுவாரம், இம்முறையில் புதிதாக அச்சிட்ட பக்கத்தை அந்த மாணவியிடம் கொடுத்தேன். முட்டையின் மேல் நீளவாக்கில் ஓடிய வரிகளை விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள். அவள் கண்ட சான்று அவள் கையில் இருந்தது, சற்றுத் தாமதமாக.